வாலை அடக்கிய வாலாட்டி

ஒரு காட்டில், தொண்டை கிழியக் கத்தினாலும் நாலடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காத ஓர் இடம் இருந்தது. அருவி அங்கே அப்படி இரைந்து கொட்டும். அதன் கீழே, பாறை இடுக்கில், ஒரு வாலாட்டிக் குருவி தன் இரண்டு குஞ்சுகளோடு வாழ்ந்தது.

குரல் எடுபடாத இடம் என்பதால் அவை ஒரு வழக்கம் வைத்திருந்தன. தாயின் வால் ஆடினால் பயமில்லை, வெளியே வந்து பூச்சி பொறுக்கலாம். வால் நின்றால் ஆபத்து, இடுக்குக்குள் ஓடிவிட வேண்டும்.

ஒருநாள் அருவியை விட்டுத் தள்ளி, பறவைகள் குளிக்கும் மடுவுக்குத் தாய்க்குருவி போனது. அங்கே ஒரு மீன்கொத்தி இருந்தது. யாரையாவது கிண்டல் செய்யாவிட்டால் அதற்குத் தின்றது செரிக்காது.

"வாலாட்டியாம் வாலாட்டி! பெயரைப் பாரேன். நாய்தான் சோற்றுக்காக வாலாட்டும். நீ யாரிடம் சோறு கேட்கிறாய்?" என்றது.

கொக்குகள்கூடச் சிரித்துவிட்டன. தாய்க்குருவிக்கு உடம்பெல்லாம் கூசியது. 'பெயரை மாற்ற முடியாது. வாலையாவது அடக்கிக்கொள்கிறேன்' என்று முடிவு செய்தது.

மறுநாள் அது பாறைமேல் விறைப்பாக நின்றது. குஞ்சுகள் வெளியே வரவில்லை. தாய் இடுக்குக்குப் போய், "ஏன் ஒளிந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டது.

"வால் நிற்கிறதே அம்மா!" என்றது மூத்தது.

"இனிமேல் வாலைப் பார்க்க வேண்டாம். பயமில்லை, வாருங்கள்."

"ஆபத்து வந்தால் எப்படித் தெரியும்?"

"நான் கூப்பிடுகிறேன், போ" என்றது தாய். பேசும்போதும் அதன் கண் எதிர்க்கிளையில் இருந்த மீன்கொத்தியின் மேல்தான் இருந்தது.

மூத்தது தயங்கி நின்றது. சின்னதற்குப் பசி. அது மணலுக்கு ஓடிப் பூச்சி பொறுக்கத் தொடங்கியது.

அப்போது வல்லூறு இறங்கியது. தாய் அதைப் பார்த்துவிட்டது. கத்தியது, கதறியது. அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சின்னக்குஞ்சு ஒருமுறை நிமிர்ந்து தாயின் வாலைப் பார்த்தது. காலையிலிருந்து நின்ற வால் அப்படியேதான் நின்றது. குஞ்சு மறுபடி குனிந்து பொறுக்கியது. வல்லூறு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்தத் தாய் அழுத அழுகையைச் சொல்ல முடியாது, குழந்தைகளே.

அழுது ஓய்ந்தபின் தாய்க்குருவி வாலை ஆட்டியது. யார் பார்த்தால் என்ன, யார் சிரித்தால் என்ன என்று பொழுது சாயும்வரை ஆட்டியது. மூத்த குஞ்சு இடுக்கிலிருந்து அந்த வாலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வெளியே வரவில்லை.

நீதி: பிறர் சிரிப்பதற்கு அஞ்சி, நம்மை நம்பியவர்களைக் கைவிடலாகாது.