நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

செங்கமலத்தின் கைக்குழந்தைக்கு ஒதுங்க நிழல் இல்லை. காரணம் மணியக்காரர் துரைக்கண்ணு. தேர்த்திருவிழாக் கடைத்தெருவில் நேராகக் கயிறு கட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று முளையடித்து, முளைக்கு ஒரு கடைதான் என்று சட்டம் போட்டிருந்தார். பனைவிசிறி விற்க வந்தவளுக்குக் கொதிக்கிற வெயிலில் கடைசி முளை. புங்க மரத்து நிழல் விழுந்ததோ நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில். அங்கே மணியக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, இங்கே உட்கார்ந்துக்கிறேனே. பிள்ளைக்கு உடம்பு அனலாக் காயுது.”

“நாலுக்கு அடுத்தது அஞ்சு. நடுவில எண்ணே கிடையாது. இல்லாத இடத்தை எப்படிம்மா கொடுக்கிறது?”

“நாலரை இருக்குதுங்களே.”

“எனக்கே கணக்கா?” கைத்தடியை நாலாம் முளைப் பக்கமாக நகர்த்தி ஊன்றினார். “இது?”

“நாலேகால்.”

இன்னும் நகர்த்தினார். “இது?”

“நாலே அரைக்கால். நீங்க எங்கே ஊன்றினாலும் அங்கே ஒரு எண் இருக்குமுங்க. எனக்கு அதன் பேர் தெரியாமப் போகலாம், இடம் இல்லாமப் போகாது. அது கிடக்கட்டும். எண்ணே இல்லாத இடத்துல ஐயா மட்டும் எப்படி நிக்கிறீங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெயிலுக்கு நகர்ந்து நின்றுகொண்டார்.

மறு வருஷம் நாலரையில் செங்கமலம் விசிறி விற்றுக்கொண்டிருந்தாள். வேறொருத்தி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். அவள் வாய் திறக்குமுன்பே நாலேகாலில் முளையடித்தவர் மணியக்காரர் துரைக்கண்ணு.