கிளட்சைத் தேய்த்த கால்

தெய்வநாயகம் முதலாளியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் வேலைக்காரன் எவனும் செருப்போடு ஏறக்கூடாது. டிரைவர் மாசிலாமணி வெறுங்காலோடுதான் ஓட்டுவான். நிழலில் நிறுத்தி, புழுதியைத் தண்ணீரால் அலசிவிட்ட பிறகே துணி வைத்துக் கழுவுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதலாளியே ஓட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே கார் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தார்.

"கிளட்ச் தேஞ்சுபோச்சுங்க. யாரோ பெடல் மேலேயே காலை வச்சு ஓட்டியிருக்காங்க."

முதலாளி டிரைவரைப் பார்த்தார். "கிளட்சைத் தேச்ச கால் இனிமே இந்தக் கேட்டைத் தாண்டக்கூடாது. கிளம்புடா."

வேறு வேலை தேடும் வயதைத் தாண்டியிருந்தான் மாசிலாமணி. "சரிங்க முதலாளி. பெடலைத் துடைச்சு வச்சுட்டுப் போறேன்" என்று குனிந்தவன் மெக்கானிக்கைக் கூப்பிட்டான். "தம்பி, ரப்பர்ல இந்தக் கீறல் எதனால?"

"லாடம் அடிச்ச ஷூவாலங்க." சொன்ன பிறகுதான் மெக்கானிக் முதலாளியின் காலைப் பார்த்தார்.

முதலாளி வீட்டுப் பக்கம் திரும்பினார். மாசிலாமணி அவர் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான்.

"என்னடா இது?"

"கால் கேட்டைத் தாண்டக்கூடாதுங்களே. ஏறிக்குங்க, நான் தூக்கிட்டுப் போறேன்."

முதலாளி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். "காலைல நேரத்துக்கு வந்து சேரு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.