தேவசகாயம் நசுக்கிய காற்று

ராக்கெட் ஆய்வுக்கூடத்தில் வரப்போகும் புதுக் காற்றுச் சுரங்கத்துக்கு யார் தலைமை ஆபரேட்டர் என்று அமலோற்பவம் மேடம் அன்று டீ வேளை முடிவதற்குள் சொல்வதாக இருந்தது. அதனால்தான் சோதனைகளைப் படம் எடுக்கும் தேவசகாயம் கேன்டீனில் மேடத்துக்கு எதிர் நாற்காலியாகப் பார்த்துப் பிடித்து வாயைத் திறந்தார். பதினெட்டு வருஷமாகக் காற்று வால்வைத் திறந்து மூடும் மாடக்கண்ணுவுக்கு எரிச்சலாக வந்தது. அது தனக்கு வரவேண்டிய வேலை. ஆனால் இந்த ஆளுக்கு முன்னால் யார் பேச்சு எடுபடும்?

ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்றை விட்டால், சோதனைக்கு வைத்திருக்கும் குட்டி ராக்கெட்டின் மொட்டை மூக்கில் முட்டி, அதன் முன்னால் ஓர் அடுக்காக நசுங்கி நிற்கும். படத்தில் அது மூக்கைச் சுற்றி ஒரு கோடாகத் தெரியும்; வேகம் கூடினால் அடுக்கு மெலியும். அந்தக் கனத்தை அளப்பதுதான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு.

தேவசகாயம் எட்டு மடங்கில் ஆரம்பித்தார். அப்பளக் கனம் இருந்ததாம். பன்னிரண்டில் வெங்காயத் தோல். நம்ம சுரங்கம் எட்டைத் தாண்டாதே என்று லேத் பட்டறை பிச்சைக்கனி கேட்டுப் பார்த்தார். உமக்குத் தாண்டாது, எனக்குத் தாண்டும் என்று பதில் வந்தது. இருபதில் காற்று நசுங்கித் தகடாகவே ஆகிவிட்டதாம். அதைச் சுரண்டி எடுத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டிருக்கிறாராம்.

"கோழிக்கு மூச்சு முட்டலியாவே?" என்றார் பிச்சைக்கனி.

"கூரையே காத்துதானவே. ரெண்டு கொத்து கொத்திச்சுன்னா ஒருநாள் மூச்சுக்குக் காணும்."

மேடமே சிரித்துவிட்டார். வேலை கைவிட்டுப் போயிற்று என்றே மாடக்கண்ணு நினைத்தார்.

அந்தச் சிரிப்பில் தேவசகாயத்துக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை உருவி மேஜைமேல் வைத்தார்.

"போன வியாழக்கிழமை, முப்பது மடங்கு. அடுக்கே கெடையாது மேடம். கனம் பூச்சியம். உலகத்துல ஒருத்தன் பாத்திருக்க மாட்டான்."

படத்தில் மூக்கு பளிச்சென்று இருந்தது. சுற்றி ஒரு கோடுகூட இல்லை. மாடக்கண்ணு எட்டி எடுத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் காற்றே விடாமல் ஒரு படம் எடுத்து வைப்பது அங்கே வழக்கம்.

"அண்ணாச்சி, இது நான் வால்வைத் தொறக்கதுக்கு முன்னால எடுத்த படம்லா" என்றார்.

தேவசகாயம் டீயைக் குடித்தார். டம்ளர் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

மேடம் எழுந்தார். "புதுச் சுரங்கத்துக்கு மாடக்கண்ணு வரட்டும். காத்து அடிக்குதா இல்லியான்னாவது தெரிஞ்ச ஆளு வேணும்."