மூன்று கம்பெனிக்கு ஒரே கணக்கு

நாமக்கல் பக்கம் ரங்கநாயகி அம்மாளுக்கு மூன்று கம்பெனிகள். ஒன்று கோழித் தீவன ஆலை, ஒன்று கோழிப்பண்ணை, ஒன்று லாரி சர்வீஸ். லாரி சர்வீஸ் என்று பேர்தான், லாரி ஒன்றே ஒன்று. செங்கோடன் ஆலைக்கும், அத்தியப்பன் பண்ணைக்கும், நல்லமுத்து லாரிக்கும் கணக்கு எழுதினார்கள். மூவருக்கும் கூட்டலில் தப்பே வராது. சொன்னதை மட்டும் சொன்னபடியே செய்துவிடுவார்கள்.

புதுப் பண்ணை கட்ட அம்மாள் பேங்கில் கடன் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று கம்பெனிக்கும் சேர்த்து ஒரே பேலன்ஸ் ஷீட் வராவிட்டால் கடன் கிடையாது என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஆடிட்டர் வளர்மதி சேலத்திலிருந்து போன் செய்தார்.

“மூணு கணக்கையும் ஒண்ணாச் சேர்த்து வைங்க. உங்களுக்குள்ளேயே வாங்கினது வித்ததெல்லாம் நடக்கவே இல்லைங்கற மாதிரி பண்ணிருங்க. லாரியில வெளியாள் பங்கு இருக்குதில்ல, அதைத் தனியாக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை வர்றேன்.”

உடனே கோணி ஊசி வாங்கி வந்து மூன்று பேரேட்டையும் நாலு பக்கமும் சேர்த்துத் தைத்தார்கள்.

“திறக்க முடியலைங்களே,” என்றார் நல்லமுத்து.

“சேர்க்கத்தான் சொன்னாங்க. திறக்கச் சொல்லலை,” என்றார் செங்கோடன்.

அடுத்தது வியாபாரம். போன மாதம் ஆலை பண்ணைக்கு ஆறு டன் தீவனம் விற்றிருந்தது.

“அது நடக்கலைன்னா தீவனம் ஆலைக்குத் திரும்பியாகணுமே,” என்றார் செங்கோடன்.

“கோழி தின்னுருச்சுங்களே,” என்றார் அத்தியப்பன்.

மூவரும் ஒரு டீ குடித்து யோசித்தார்கள்.

“தீவனம் இப்போ எங்கே இருக்கு? கோழிக்குள்ள. கோழியைக் கொண்டுபோய் ஆலையில விட்டா தீவனமும் கூடவே வந்துருமில்ல,” என்றார் நல்லமுத்து.

ஆயிரம் கோழிகளை லாரியில் ஏற்றி ஆலையில் இறக்கினார்கள். வாடகை பில் போட நோட்டை எடுத்த நல்லமுத்து அப்படியே நின்றுவிட்டார்.

“லாரி ஓட்டினதும் நமக்குள்ள நடந்த வியாபாரம்தானுங்க.”

“அப்போ அதுவும் நடந்திருக்கக் கூடாது,” என்றார் அத்தியப்பன்.

கோழிகளை மறுபடி ஏற்றிப் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். போனதற்கு ஒரு வாடகை வந்தது. அதை இல்லாமல் செய்ய ஆலைக்குத் திரும்பினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஏழாவது நடையில், பாதி வழியில் டீசல் தீர்ந்தது. அதுவரை அலுக்காமல் சுமந்தவர்களுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

லாரி நின்றதே நல்லதாகப் போயிற்று. லாரி சர்வீஸில் அம்மாளின் ஈரோட்டு மச்சான் ஒருவருக்குக் கால் பங்கு உண்டு; வளர்மதி தனியாகக் காட்டச் சொன்னது அதைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாரியின் பின்பக்கத்தில் கால்வாசியை அளந்து குறுக்கே கயிறு கட்டி, ‘ஈரோட்டார் பங்கு’ என்று அட்டை மாட்டினார்கள். ஒரு கோழி கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் முட்டையிட்டது. நேர்மையான மனிதர்களாயிற்றே, அதைப் பஞ்சில் சுற்றி ஈரோடு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வளர்மதி வந்தார். தைத்த பேரேட்டைப் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு பிளேடு கேட்டு வாங்கித் தையலைப் பிரித்து, ரெண்டு மணி நேரம் லேப்டாப்பில் தட்டி, தானே மூன்று பக்கத்தில் பேலன்ஸ் ஷீட்டை முடித்து, ஆபீஸ் இங்க் பிரிண்டரில் நீல மையில் மூன்று பிரதி அச்செடுத்தார்.

“பேங்க் ஆபீசர் வர்றதுக்குள்ள மூணு பேரும் இதை ஒருதடவை நல்லா அலசிருங்க,” என்று சொல்லிவிட்டு அம்மாளைப் பார்க்கப் போனார்.

லேப்டாப்பில் கணக்கு பத்திரமாக இருந்ததால் அன்று சாயங்காலமே கடனுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால், காலையில் ஆபீசர் வந்தபோது மூவரும் குழாயடியில் சட்டையெல்லாம் நனைந்து நின்றார்கள். துணிக்கொடியில் ஒன்பது தாள்கள் கிளிப் மாட்டிச் சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு எழுத்தைக் காணோம்.

“கணக்கு எங்கீங்க?” என்றார் ஆபீசர்.

அத்தியப்பன் கலங்கிய நீலத் தண்ணீர் நிறைந்த பக்கெட்டைப் பதனமாகத் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

“பூராவும் இதுலதானுங்க இருக்கு. ஒரு சொட்டு சிந்தலை. பேங்குக்கு எடுத்துட்டுப் போக மூடி வேணுங்களா?”