உப்பு இருக்கும் இடம்

"எம் பொண்ணு ஒருத்தன விரும்புதா" என்றார் ஆவுடையப்பன்.

மடத்துக் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. மடத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அம்மா. பெயர்தான் பேச்சியம்மாள், பேச்சு குறைவு. ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு இவர்தான்.

"நல்லது, அண்ணாச்சி."

"என்ன நல்லது? கரண்டு ஆபீஸ்ல கம்பம் ஏறுத பய. ஆறு மாசப் பழக்கம். ஆறு மாசத்துல ஒருத்தனப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"பேரு தவமணி. அதுக்கு மேல தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்."

அம்மா ஒரு துணியைப் பிழிந்து அவர் தோளில் போட்டார். பிறகு இன்னொன்று. கொடிக்குப் பதிலாக அவர் நின்றுகொண்டிருந்தார்.

"உலகம்மைக்கு ஒம்பது வயசுல அவ அம்மா போய்ச் சேந்தா. இருபத்திரண்டு வருசம். நாந்தான் அப்பன், நாந்தான் ஆத்தா. எல்லாம் இந்தக் கையால."

"அவ என்ன சொல்லுதா?"

"வெள்ளிக்கிழம அவங்க வீட்டு ஆளுக பேச வரலாமான்னு கேக்காங்கப்பா, நீங்க சரின்னா வரட்டும், வேண்டாம்னா இதோட விட்டுருதேன். இவ்வளவுதான் சொன்னா. அழல. சண்ட போடல. சட்னி அரைக்கப் போயிட்டா."

"வேண்டாம்னு சொல்லிருங்க."

ஆவுடையப்பன் துணிகளை இழுத்துச் சரிசெய்துகொண்டார். தோளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார் கடைசியில்.

அம்மா சிரித்துவிட்டார்.

"நாளைக்கு வாங்க, பதில் சொல்லுதேன். வரும்போது எனக்குக் கொஞ்சம் கஞ்சி வச்சுக் கொண்டுவாங்க. உங்க கையால."

மறுநாள் உலகம்மை பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போன பிறகு அவர் அரிசி களைந்தார். அடுப்பு பற்றிக்கொண்டது. உலை கொதித்தது. அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

உப்பைக் காணவில்லை.

தேயிலை டப்பாவில் மல்லி இருந்தது. பிஸ்கட் டப்பாவில் சுண்டைக்காய் வற்றல். உப்பு என்று எழுதி ஒட்டியிருந்த டப்பாவில் சீனி. அதை வைக்கப்போய் இரண்டு டப்பாக்கள் கீழே உருண்டன.

"ஐயா, என்ன தேடுதீங்க?"

குரல் மேலேயிருந்து வந்தது. ஜன்னல் வழியே பார்த்தார். தெருக் கம்பத்தின் உச்சியில், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, தவமணி.

"ஒண்ணுமில்ல."

இன்னொரு டப்பா விழுந்தது.

"உப்பா?"

ஆவுடையப்பன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். கஞ்சி மேலேறிக்கொண்டிருந்தது.

"அடுப்புக்குக் கீழ, அரிவாமணைக்குப் பின்னால ஒரு ஊறுகா ஜாடி இருக்கும். அதுக்குள்ள."

இருந்தது.

ஒரு கை உப்போடு அவர் ஜன்னலுக்கு வந்தார்.

"எங்க வீட்டு உப்பு எங்க இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

கம்பத்தின் மேல் திருப்புளிச் சத்தம் நின்றது.

"கேக்கேம்லா?"

"மாசியில நீங்க ஒம்பது நாள் விரதம்னு மடத்துல போய் இருந்தீங்க. அப்ப அவங்களுக்குக் காய்ச்சல். நாலு நாளு கண்ணே தொறக்கல. பக்கத்து வீட்டு அக்காவையும் கூட வச்சுக்கிட்டுத்தான் உள்ள வந்தேன்யா. கஞ்சி மட்டுந்தான் வச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவங்கதான் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அப்பா வருசத்துல அந்த ஒம்பது நாளுதான் நிம்மதியா இருப்பாக, அதக் கெடுக்காதீங்கன்னாங்க."

"அவ சொல்லாட்டா என்ன? நீ சொல்லியிருக்கலாம்லா?"

"நான் யாருங்கய்யா, உங்ககிட்ட வந்து சொல்ல?"

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது.

மடத்தில் அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

"நல்லாருக்கு. உங்க கையாலயா?"

"கை என்னோடதுதான்" என்றார் ஆவுடையப்பன். பிறகு ஜாடியைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் கம்பத்தின் மேலிருந்து கேட்டதையெல்லாம் சொன்னார். சொல்லும்போது கோபமாகத்தான் தொடங்கினார். பாதியில் அது எங்கேயோ நழுவிப் போனது.

அம்மா குடித்து முடித்தார். சட்டியைக் கழுவினார். கவிழ்த்தார்.

"அந்த ஒம்பது நாளும் இங்க உக்காந்து என்ன வேண்டிக்கிட்டீங்க, அண்ணாச்சி?"

அதை யோசிக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரே வேண்டுதல்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"எனக்குப் பொறவு எம் பிள்ளைக்கு ஒரு மேலுக்கு முடியலன்னா, ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுக்க ஒரு—"

பேச்சு அங்கேயே நின்றது.

கிணற்றடி வாழையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. பறந்தது.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அம்மா தேற்றவில்லை. வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்தபோது அவர் கைகள் தாமாகவே குவிந்திருந்தன. யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல், கிணற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நேத்து ஒரு பதில் சொல்லுதேன்னேனே, வேணுமா?" என்றார் அம்மா.

"வேண்டாம்மா."

"வீட்ல கஞ்சி மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"ஆறிறப் போவுது. ஓடுங்க."

அறுபத்தைந்து வயதில் ஆவுடையப்பன் ஓடினார்.

தெருவில் உச்சி வெயில். தவமணி இன்னும் கம்பத்தின் மேலேதான் இருந்தான். ஆவுடையப்பன் கீழே நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். மூச்சு வாங்கியது.

"தவமணி!"

மேலே அவன் திடுக்கிட்டான். அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"ஐயா?"

"எறங்கி வாங்க. ஒரு வாய் கஞ்சி குடிச்சுட்டுப் பொறவு ஏறலாம்."

தவமணி இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பிடியே இன்னொண்ணும் சொல்லிருங்க. வெள்ளிக்கிழம ஒல வைக்கணும்லா? உங்க வீட்லருந்து எத்தன பேரு வாராக?"

கம்பத்தின் உச்சியில் தவமணி விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.