புதுக் காயிலா, பழைய காயிலா

“கருகுது,” என்றார் நாகப்பன்.

யோகேஸ்வரி நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எந்த நம்பர் வெச்சாலும் கருகுது. நாப்பது வாட்ஸ் வெச்சேன், கருகுச்சு. எதிர்க்கடையில ஒருத்தன் அறுபது வைங்கன்னான். வெச்சேன், தொண்டையே வெந்துபோச்சு. சரின்னு இருவதுக்கு எறக்குனேன், அதுவும் கருகுது. எதும்மா சரியான நம்பரு? அதை மட்டும் சொல்லு, நான் போறேன்.”

“உக்காருங்க அங்கிள்.”

“உக்கார நேரமில்ல.”

“அப்ப நில்லுங்க.”

நின்றார்.

மலேசியாவின் தைப்பிங்கில் பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால், சிகரெட்டுக்குப் பதிலாகப் புகைக்கும் மின்கருவி விற்கும் அந்த வேப் கடைக்கு, எதிர்க்கடையில் ‘தே’ என்கிற டீ குடிக்க வருகிறவர்கள் வைத்த பெயர் ‘புகை மடம்’. காரணம் இல்லாமல் வைக்கவில்லை. யோகேஸ்வரிக்கு வயசு முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பென்சன் வாங்குகிறவர்கள். சிகரெட்டை விட முடியாமல் ஊரெல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் அவள் முன்னால் வந்து கைகட்டி நிற்பார்கள். ஒன்று கேட்டால் உடனே பதில் வராது. “கழட்டுங்க”, “மாட்டுங்க” என்று வேலை வரும். அந்தக் கிண்டல் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. மடம் என்றால் வாடகை கேட்க மாட்டார்களே என்று மட்டும் சொன்னாளாம்.

நாகப்பன் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டிய காலத்திலும் பொறுமைக்குப் பேர் போனவர் இல்லை.

அவர் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் ஒன்று எட்டிப் பார்த்தது. யோகேஸ்வரி அதைப் பார்த்தாள்.

“மறுபடியுமா?”

“வேற என்ன பண்றது? இது கருகுதே.”

“இது மட்டும் என்ன, மருந்தா? ரெண்டையும் விட்டா நல்லது.”

“புத்தி சொல்லாத. நம்பரச் சொல்லு.”

“லோகன் என்ன வெச்சுக் குடுத்தாரு?”

நாகப்பன் முகம் மாறியது. லோகன் அவருடைய ஒரே மகன். அப்பாவின் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த சமயத்தில், இதே கடைக்கு வந்து இந்தக் கருவியை வாங்கியவன். அதோ அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பியைத் தன் கையாலேயே சுருள் சுருளாகக் காயிலாகச் சுற்றி, புகைத் திரவத்தில் நனைத்த பஞ்சோடு உள்ளே வைத்தான். வெல்டிங் வேலை செய்கிற கை, சுற்று ஒவ்வொன்றும் ஒட்டினாற்போல விழுந்தது. அன்றைக்கு யோகேஸ்வரிக்கே அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

“அவன் பேச்சு இப்ப எதுக்கு?”

“மிசின் அவரு வாங்குனதுதானே.”

“வாங்குனவனும் சரியில்ல, வாங்குனதும் சரியில்ல.”

அவள் துணியை மடித்து வைத்தாள்.

“முப்பது,” என்றார் நாகப்பன். “முப்பது வாட்ஸு. அதுக்கு மேல ஏத்தாதீங்கப்பான்னான்.”

“நல்லா இருந்துச்சா?”

“போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

“போன வாரம் என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல.”

யோகேஸ்வரி தலையை ஆட்டினாள். நம்பியதுபோல் தெரியவில்லை.

“ஒரு தடவ இழுங்க, பாப்போம்.”

இழுத்தார். இருமினார். தீய்ந்த பஞ்சு நாற்றம் கடை முழுக்கப் பரவியது.

“பாத்தியா?”

“இன்னொரு தடவ.”

“என்னைக் கொல்லவா பாக்குற?” என்று முனகிக்கொண்டே இன்னொரு தடவை இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இப்ப டேங்கைக் கழட்டுங்க.”

காயிலும் திரவமும் இருக்கும் மேல் டேங்கைத் திருகிக் கழற்றினார். சுட்டது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டார்.

“மாட்டுங்க.”

மாட்டினார். கருவியின் சின்னத் திரை பளிச்சென்று எரிந்தது. அவருடைய கட்டைவிரல் பட்டென்று ஒரு பொத்தானை அழுத்தியது.

“என்ன கேட்டுச்சு?” என்றாள் யோகேஸ்வரி.

“யாரு?”

“அது.”

“இது எங்க கேட்டுச்சு? ஒண்ணும் கேக்கல.”

“கேட்டுச்சு அங்கிள். நீங்க பதிலும் சொல்லிட்டீங்க.”

நாகப்பன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். கடைக்கு வைத்த பெயர் பொருத்தம்தான் என்று நினைத்திருப்பார்.

“திரும்பக் கழட்டி மாட்டுங்க. இந்தத் தடவ விரலை எடுத்துட்டுப் பாருங்க.”

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தார். திரையில் இரண்டு வரி வந்தது. புதுக் காயிலா, பழைய காயிலா என்று கேட்டது.

“அட,” என்றார். “இதுவா? இது எப்பவும் வரும். புதுசுன்னு அமுக்கிட்டுப் போயிடுவேன்.” சொல்லிக்கொண்டே அழுத்தியும் விட்டார்.

“காயில் புதுசா?”

“இல்ல. லோகன் சுத்துனதுதான்.”

“பெறகு ஏன் புதுசுன்னு சொன்னீங்க?”

“சும்மா கேட்டுக்கிட்டே நிக்குதேன்னு எதையோ ஒண்ணச் சொல்றதுதான். இதுல என்னம்மா இருக்கு? நான் கேட்டது வாட்ஸு. நீ எங்கயோ போற.”

“வாட்ஸு நீங்க வைக்கிறீங்க. வோல்ட்டை யாரு வைக்கிறது?”

“எனக்கு என்ன தெரியும்.”

“அதுவே வெச்சுக்கும். கம்பி எவ்வளவு தடுக்குதுன்னு பாத்து, அதுக்கு ஏத்த மாதிரி குடுக்கும். அந்தத் தடுக்குறதுதான் ஓம்ஸ். சூடு ஏற ஏற இந்தக் கம்பி இன்னும் கொஞ்சம் தடுக்கும். எவ்வளவு கூடியிருக்குன்னு பாத்துத்தான், போதும், இதுக்கு மேல போனா பஞ்சு கருகும்னு அதுவே நிறுத்தும். லோகன் அப்படித்தான் வெச்சுக் குடுத்தாரு.”

“அப்ப ஏன் நிறுத்தல?”

“எதுல இருந்து கூடுச்சுன்னு அதுக்குத் தெரியணுமில்ல. அதுக்குத்தான் மாட்டுன உடனே கேக்குது. புதுசுன்னு சொன்னீங்கன்னா, அந்த நிமிசம் கம்பி எப்படி இருக்கோ அதுதான் ஆறின கம்பின்னு மனசுல வெச்சுக்கும். அதுல இருந்துதான் எல்லாக் கணக்கும்.”

நாகப்பன் டேங்கைத் தொட்டார். உடனே விரலை எடுத்துக்கொண்டார்.

“இது கொதிக்குதே.”

“ஆமா.”

“இதைப் போயி ஆறினதுன்னு…”

“நீங்க சொன்னீங்க. அது நம்பிருச்சு.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்கில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.

“இப்ப ஓம்ஸ் என்ன காட்டுது?”

“புள்ளி அஞ்சு ஆறு.”

“லோகன் சுத்துனது சரியா அரை. ஆறிக் கெடந்தப்ப அளந்தது.”

நாகப்பன் கருவியை மேசைமேல் வைத்தார்.

யோகேஸ்வரி டேங்கைக் கழற்றினாள். மேசை ஓரத்தில் ஒரு பீங்கான் ஓடு இருந்தது. அதன்மேல் வைத்து, சின்ன விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னம்மா, உக்காந்துட்ட?”

“ஆறட்டும்.”

“எவ்வளவு நேரமாகும்?”

“ஆறுற வரைக்கும்.”

“சீக்கிரம் லா.”

“ஊதினா மேலதான் ஆறும். உள்ள சூடு அப்படியே இருக்கும்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எங்க அங்கிள் போகணும்?”

“எங்கயும் இல்ல.”

“பெறகு ஏன் மணியையே பாக்குறீங்க?”

ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு ஒருவழியாக உட்கார்ந்தார்.

“நாலு மணி ரயிலு,” என்றார். “கே.எல். ஏர்போர்ட்டுக்குப் போறான். ராத்திரி பிளைட்டு. ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல வேல கெடச்சிருக்கு.”

“லோகனா?”

“வேற யாரு இருக்கா எனக்கு?”

மழைச் சத்தம் கூடியது. அவர் குரலைக் கூட்டவில்லை. யோகேஸ்வரி குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் வந்து சொல்றான். விசா வந்துருச்சு, டிக்கெட்டு போட்டாச்சு. ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கு. தே குடிக்கப் போன எடத்துல ஒருத்தன் எங்கிட்டக் கேக்குறான், என்ன நாகப்பா, மகன் கெளம்புறானாமேன்னு. பெத்தவனுக்கு மட்டும் தெரியாது. எப்படி இருக்கும் எனக்கு?”

“கஷ்டமாத்தான் இருக்கும்.”

“அன்னைக்கு முழுக்க இதைத்தான் வாயில வெச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தேன். டேங்கு தீந்துபோச்சு. ஆற விடாம சூட்டோட கழட்டினேன், ஊத்தினேன், மாட்டினேன், திரும்ப இழுத்தேன். அந்த நேரம் பாத்து வந்து எதுக்க நிக்கிறான்.”

மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்பா, நான் போகவா, இருக்கவா, நீங்க சொல்றதுதான் அப்படின்னான். டிக்கெட்டு போட்டுட்டு வந்து கேக்குற கேள்வியா அது?”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“போடான்னேன். போனா போனதுதான், எனக்குக் கொள்ளி வைக்கக்கூட வராதன்னேன்.”

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“அதுக்கு லோகன்?”

“சரிப்பான்னான். போயி துணியெல்லாம் அடுக்க ஆரம்பிச்சிட்டான். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. சோறு போட்டு வைக்கிறான், மாத்திர எடுத்து வைக்கிறான், வாயத் தொறக்க மாட்டேங்கிறான். காலையில பெட்டியைத் தூக்கி வாசல்ல வெச்சான். என்னால பாக்க முடியல, வெளிய வந்துட்டேன்.”

யோகேஸ்வரி எழுந்து டேங்கைப் பிரித்தாள். உள்ளே பஞ்சு கருப்பாக இருந்தது. இடுக்கியால் மெல்ல இழுத்து வெளியே போட்டாள்.

“இது இனிமே ஆகாது. நீங்க வாட்ஸை எவ்வளவு எறக்கினாலும் இந்த நாத்தம் போகாது.”

“அப்ப எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டு.”

“பஞ்சுதான் போச்சு. கம்பிக்கு ஒண்ணுமில்ல. பாருங்க.”

பார்த்தார். மகன் சுற்றிய சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அப்படியே இருந்தன. கொஞ்சம் கரி படிந்திருந்தது. அவள் துடைத்ததும் போய்விட்டது.

“நல்லாத்தான் சுத்தியிருக்கான்,” என்றார்.

புதுப் பஞ்சை உருட்டிக் கம்பிக்குள் நுழைத்தாள். இரண்டு ஓரத்தையும் கத்தரித்தாள். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்தாள். பஞ்சு குடிக்கும்வரை காத்திருந்தாள். இந்தத் தடவை நாகப்பன் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

டேங்கை மூடி அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே மாட்டுங்க.”

மாட்டினார். திரை எரிந்தது. அதே இரண்டு வரி.

கட்டைவிரல் பொத்தான்மேல் போய் நின்றது. அழுத்தவில்லை.

“ஆறிடுச்சா?” என்று அவளிடம் கேட்டார்.

“தொட்டுப் பாருங்க.”

புறங்கையை வைத்துப் பார்த்தார். அதை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“ஆறிடுச்சு.”

“அப்பச் சொல்லுங்க.”

அழுத்தினார். எண் கொஞ்சம் அங்கும் இங்கும் ஆடி நின்றது. புள்ளி அஞ்சு.

“அரை ஓம்ஸ்,” என்றார்.

“வாட்ஸு முப்பது. லோகன் வெச்சதுதான்.”

முப்பது வைத்தார். மெல்ல இழுத்தார். இருமல் வரவில்லை, நாற்றமும் இல்லை. வாயிலிருந்து புகையை விட்டுவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அன்னைக்குச் சொன்னது?”

“அது போச்சு. திரும்பக் கேட்டுச்சு, நீங்க திரும்பச் சொன்னீங்க. அவ்வளவுதான்.”

“நல்ல மிசின்தான்,” என்றார் நாகப்பன். “எத்தனை தடவ தப்பாச் சொன்னாலும் கோவிச்சுக்காம வந்து கேக்குது.”

யோகேஸ்வரி விசிறியை நிறுத்தினாள். மேசைமேல் கிடந்த அவருடைய கைப்பேசியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, கருகிய பஞ்சைக் குப்பையில் போடப் பின்பக்கம் போனாள்.

மணி மூன்றரை ஆகியிருந்தது.

அவர் கைப்பேசியை எடுத்தார். மகனைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“டேய், எங்க இருக்க?”

“ஸ்டேசன்லப்பா.” கைப்பேசியில் அவன் குரல் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. “சொல்லுங்க.”

“நான் சொல்றது இருக்கட்டும்,” என்றார் நாகப்பன். “அன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு கேட்டியே. நான் அங்கதான் வந்துக்கிட்டு இருக்கேன். வந்ததும் அதை இன்னொரு தடவ கேளு.”