கடைசி ஆளுக்கு முதல் இலை

முன்னொரு காலத்தில் என்று தொடங்கினால், "எப்போது?" என்று கேட்பீர்கள். ஐப்பசித் திங்கள் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியல் முதல் விடாத சாரல். முத்தாரம் என்னும் துறைமுகப் பட்டினத்தில், மூட்டை சுமப்போர் வாழும் கோட்டைப்புறத் தெருவில், இருளாயியின் பொது அடுக்களை அன்றும் புகைந்துகொண்டிருந்தது.

ஒரு சோழி கொடுத்தால் அங்கே வயிறார உண்ணலாம். வரிசையின் கடைசியில் நிற்பவருக்கே முதல் இலை. அது அவ்வடுக்களையின் வழக்கம். சோறு தீர்ந்துவிடுமோ என்று அஞ்சுபவர் அவர்தாமே!

பொன்னுக்குச் சோறு விற்ற மந்திரவாதி வச்சிரகேதுவுக்கு இது பொறுக்கவில்லை. அடுக்களைக்குள் நுழைந்து, அங்கிருந்த பேசும் அண்டாவின்மீது சாம்பலைத் தூவினான்.

"இனி இவ்வுலை கொதியாது! இவ்வூரில் எவர் உப்பையும் நான் தின்றதில்லை. ஆகவே என் மந்திரம் முறியாது. இனி இத்தெருவே என் கடைவாசலில் கையேந்தட்டும்!" என்று நகைத்துச் சென்றான்.

இருளாயி புளியங்கட்டை எரித்தாள். "குளிர்கிறது" என்றது அண்டா. கருவேலங்கட்டை எரித்தாள். "குளிர்கிறது" என்றது அண்டா. பனைமட்டை எரித்தாள். "இன்னும் குளிர்கிறது, தாயே!"

"அக்கா, கப்பல் வந்துவிட்டது" என்றான் சுமையாள் வேம்பன். "வெறும் வயிற்றோடு போனால் மூட்டைதான் எங்களைத் தூக்கும்!"

"உலை ஏமாற்றினால் என்ன? அவல் இருக்கிறதே!"

வீடுதோறுமிருந்து அவல் வந்தது. மோரும் உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்தாள்.

வரிசை கலைவதைக் காண வந்த மந்திரவாதி, முக்காடிட்டுக் கடைசியில் நின்றிருந்தான். முதல் இலையோடு இருளாயி அவனிடம் வந்தாள். வேம்பன் முக்காட்டை இழுத்தான்.

"இவனுக்கா முதல் இலை? உலையைக் கெடுத்தவனே இவன்தான், அக்கா!"

"கடைசியில் நிற்பவர் யார் என்று என்றைக்குக் கேட்டோம்? இன்று கேட்டால், நாளை உன்னையும் கேட்க வேண்டிவரும்."

"நான் பிச்சைக்காரன் அல்லன்!" என்று சீறினான் மந்திரவாதி.

"பிச்சை யார் இட்டார்? சோழியை வையுங்கள், ஐயா, இலைமுன் அமருங்கள். இங்கே ஒருவரும் கையேந்துவதில்லை."

மந்திரத்தைக் காக்க உப்பில்லாச் சோறே தின்று நாச்செத்தவன் அவன். மோரின் மணம் அவனை வென்றது. சோழியை வைத்தான்.

முதற்கவளம் உண்டான். "வெதுவெதுப்பாய் இருக்கிறது" என்றது அண்டா. இரண்டாம் கவளம் உண்டான். "சுடுகிறது" என்றது அண்டா. மூன்றாம் கவளம் உண்டான். "கொதிக்கிறது, தாயே! அரிசியைப் போடு!"

உப்பிட்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய மந்திரத்துக்கும் வலிமை இல்லை.

பின்னர் நிகழ்ந்தவை இவை. கப்பல் சரக்கு மாலைக்குள் இறங்கிற்று. மந்திரவாதியின் கடை மூடப்பட்டது. அதன் அண்டாக்களைக் கொண்டு உப்பளத் தெருவிலும் வண்டிப்பேட்டையிலும் பொது அடுக்களைகள் எழுந்தன. அவன் நாள்தோறும் சோழியோடு வந்து வரிசையில் நின்றான். ஒருநாள் அரசரும் வந்தார். அவர் நின்ற இடம் வரிசையின் நடு. ஆதலால் முதல் இலை அவருக்குக் கிடைக்கவில்லை.